உள்ளங்கையில் ஒன்றுமில்லை

மதுமிதா அந்தப் பொய்யைச் சொன்னபோது காலை ஆறேகால் இருக்கும். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டுக் கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், பந்தி போடும் கொட்டகைக்கு வெளியே, சிமெண்டுத் தரையில் பதினேழு பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். எதிரே கோட்டை மலையான ராஜகிரியின் உச்சிப் பாறையில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. எல்லாரும் கண்ணை மூடி, உள்ளங்கைகளை நன்றாகத் தேய்த்து, மார்புக்கு நேராக ஒரு சாண் இடைவெளியில் எதிரெதிரே பிடித்திருந்தார்கள்.

மாஸ்டர் ராஜாராம் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று மெதுவாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“ஏதாவது தெரியுதா?”

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற செல்லப்பன், “சூடா இருக்குது மாஸ்டர். டீ கிளாஸைப் புடிச்ச மாதிரி” என்றார். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் ரத்தினம்மாள், “எறும்பு ஊர்றாப்ல இருக்குதுப்பா, சின்ன எறும்பு” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள். மதுமிதா தன் கைகளுக்கு நடுவே தேடிப் பார்த்தாள். காற்று இருந்தது. அதுகூட வெறும் காற்று, வீசுகிற காற்றில்லை. பக்கத்து ஆள், அதற்கடுத்த ஆள் என்று ரப்பர் செருப்புச் சத்தம் நெருங்கி வந்து அவள் முன்னால் நின்றது.

“டீச்சர்?”

“இருக்குது மாஸ்டர்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் யாராவது கேள்வி கேட்டால் முழுப் பதில் சொல்லியே பழகியவள் அவள். “ரெண்டு காந்தத்த ஒரே முனையா எதிரெதிர வெச்சா தள்ளிக்குமில்ல, அந்த மாதிரி. கையக் கிட்ட கொண்டுபோனா தள்ளுது. நடுவுல ஒரு பந்து இருக்குறாப்ல.”

“கேட்டீங்களா எல்லாரும்?” என்றார் ராஜாராம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “இதுக்கு மேல நான் இன்னா சொல்றது? டீச்சர் சொன்னாங்க பாருங்க, அதான் சீ.”

அந்தச் சொல்லுக்கு முதல் நாளே எல்லாரும் சிரித்து முடித்திருந்தார்கள். “காலங்காத்தால எழுந்து வந்து சீன்னு சொல்லிக்கினு நிக்கணுமா?” என்று செல்லப்பன் கேட்டிருந்தார். ராஜாராம் கோபித்துக்கொள்ளவில்லை. உடம்புக்குள் ஓடுகிற உயிர்மூச்சுக்குச் சீனாக்காரர்கள் வைத்த பெயர் அது என்றார். அவர் பினாங்கில் ஒரு ஃபேக்டரியில் பதினேழு வருஷம் வேலை செய்தவர். மெஷினில் இடுப்பு அடிபட்டுப் படுத்த பிறகு, குவார்ட்டர்ஸுக்கு எதிரே பூங்காவில் தினமும் காலையில் கைகால்களை மெல்ல அசைத்துக்கொண்டிருந்த லிம் என்கிற சீனப் பெரியவரிடம் போய்ச் சேர்ந்தார். ஊர் திரும்பியதும், தான் கற்றதைக் காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். மரம் மாதிரி அசையாமல் நிற்பது, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டுவது, தொப்புளுக்கு மூன்று விரல் கீழே கவனத்தை வைப்பது, எட்டு அசைவுகள், கடைசியில் உள்ளங்கையில் சீயை உணர்வது. அவ்வளவுதான் வகுப்பு.

மதுமிதாவுக்கு வயது நாற்பத்து மூன்று. மேல்சித்தாமூர்ப் பெண். செஞ்சியில் வாழ்க்கைப்பட்டு இருபது வருஷம் ஆகிறது. கணவன் சந்திரநாதனுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம். அவள் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறாள். ஆறு மாதமாக வலது தோள் தூக்க முடியவில்லை. போர்டில் மேல் வரி எழுத நாற்காலி போட்டு ஏற வேண்டியிருந்தது. மாத்திரை சாப்பிட்டு வயிறு புண்ணானதுதான் மிச்சம். அதனால்தான் இங்கே வந்தாள்.

வந்த காரியம் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே மாதத்தில் கை காது வரைக்கும் எழும்பியது. அசைவுகளும் மூச்சும் தோளுக்கு நல்லது செய்தன. அவள் அதோடு திருப்திப்பட்டிருக்கலாம். ஆனால் காந்தம் என்று சொன்ன நாளிலிருந்து வகுப்பில் அவளுக்கென்று ஒரு இடம் உண்டாகிவிட்டது. புதிதாக யார் வந்தாலும் ராஜாராம், “டீச்சர், கொஞ்சம் சொல்லுங்க” என்பார். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும். வீட்டில் ஃபோனை எடுத்துத் தேடிப் படித்தாள். முதுகுத்தண்டில் கீழிருந்து மேலே வெதுவெதுப்பாக ஏறும் என்று ஒருவர் எழுதியிருந்தார். மறுநாள் வகுப்பில் தனக்கும் ஏறியது என்றாள். ஒருநாள் ரத்தினம்மாள் முட்டி வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டபோது, செல்லப்பன் விளையாட்டாக, “டீச்சர் கையக் காட்டுங்களேன்” என்றார். மதுமிதா குனிந்து அவள் முட்டிக்கு மேலே இரண்டு அங்குலத்தில் உள்ளங்கையைப் பிடித்தாள். “ஜிலுஜிலுன்னு இருக்குதும்மா, வலி போயிட்டுது” என்று ரத்தினம்மாள் எழுந்து நடந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மதுமிதாவின் கன்னம் சுட்டது.

மாசி மாதம் பினாங்கிலிருந்து ராஜாராமுக்குச் செய்தி வந்தது. லிம் படுத்த படுக்கையாக இருக்கிறார், அவருக்குச் சொந்தக்காரர்கள் யாருமில்லை. ராஜாராம் ஒரு மாதம் போய்க் கூட இருந்துவிட்டு வருவதாக முடிவு செய்தார்.

“வகுப்ப நிறுத்த வேணாம் டீச்சர். நீங்க எடுங்க.”

“நானா? எனக்கு இன்னா தெரியும் மாஸ்டர்?”

“சீ தெரிஞ்சவங்க இங்க நீங்கதான். மத்ததெல்லாம் அசைவுதானே.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வரவே இல்லை. சரி மாஸ்டர் என்று தலையாட்டினாள்.

*

மணிமொழி வந்தது அவர் போன மூன்றாம் நாள். காந்தி பஜாரிலிருந்து பிரிகிற சந்தில் தையல் கடை வைத்திருப்பவள். முப்பத்தைந்து வயதிருக்கும். மதுமிதாவின் ஜாக்கெட்டெல்லாம் அவள் தைத்ததுதான். வீட்டுக்காரன் டிராக்டர் ஓட்டுகிறான், மாமியார் கூடவே இருக்கிறாள். மிஷினில் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டது, கையும் சரியில்லை, டீச்சர்தான் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன் என்றாள்.

முதல் நாளே உள்ளங்கைப் பயிற்சியில் மதுமிதா ஒவ்வொருவராகக் கேட்டு வந்தாள். மணிமொழியின் குரல் எப்போதுமே பெரிது.

“ஒண்ணும் தெரியல டீச்சர்.”

“நல்லா தேய்ச்சியா?”

“தேய்ச்சேனே. வலது கையில சூடு தெரியுது. இடது கையில அதுகூட இல்ல. ஒரு பக்கமா மரக்கட்டை மாதிரி கிடக்குது.”

பின்னாளில் மதுமிதா இந்த வாக்கியத்தை எத்தனையோ முறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒரு கையில் சூடு தெரிகிறது, இன்னொரு கையில் தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூட ஏன் என்று கேட்டிருக்கும். அந்தக் கையை வாங்கிப் பார்த்திருக்கும். ஆனால் அப்போது அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒண்ணும் தெரியல. தான் சொல்ல வேண்டியிருந்த பதிலை இந்தப் பெண் எல்லார் முன்னிலும், கொஞ்சமும் கூசாமல், சத்தமாகச் சொல்கிறாள். பதினாறு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“போகப் போகத் தெரியும்” என்று நகர்ந்துவிட்டாள்.

மறுநாளும் மணிமொழி அதையே சொன்னாள். நாலாம் நாளும் அதையேதான். பத்தாம் நாள் காலை, இடது கையைக் கண்ணெதிரே தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னா டீச்சர் இது, எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல. நெசமாவே இருக்குதா அது?” என்று கேட்டாள்.

யாரோ சிரித்தார்கள். மதுமிதா வட்டத்தின் நடுவுக்கு வந்தாள்.

“நம்பிக்கை இல்லாம பண்ணா எப்பிடி வரும் மணிமொழி?” என்றாள். பள்ளியில் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தும்போது வருகிற அதே நிதானமான குரல். “மனசு இங்க இல்ல உனக்கு. கடையில இருக்குது, வீட்டுல இருக்குது. உள்ள இருக்குற அழுக்கு கரைஞ்சாதான் கையில தெரியும். இத்தன பேருக்குத் தெரியுறப்ப உனக்கு மட்டும் தெரியலன்னா, தப்பு எங்க இருக்குதுன்னு நீயே யோசிச்சுப் பாரு.”

மணிமொழி கையைக் கீழே போட்டாள். முகம் கருத்துவிட்டது. வட்டத்தில் தன் இடத்தில் நின்று மறுபடி கைகளைத் தேய்க்க ஆரம்பித்தாள். பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் இரண்டு வாரம் வந்தாள். கேட்கும்போது தலையை மட்டும் இட வலமாக ஆட்டுவாள். பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். மதுமிதாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதலாக இருந்ததுதான் பிறகு அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கேவலமாகத் தோன்றியது.

*

பங்குனி பிறந்து ஒரு சனிக்கிழமை, கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்க மதுமிதா தையல் கடைக்குப் போனாள். மணிமொழியின் இடது கையில் மணிக்கட்டிலிருந்து விரல்வரை கட்டு. மிஷின் மூடிக் கிடந்தது.

“இன்னா ஆச்சு மணிமொழி?”

“உள்ள வாங்க டீச்சர்” என்று கூப்பிட்டு, கடையின் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, மணிமொழி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“அயர்ன் பண்ணிக்கினு இருந்தேன். ஏதோ தீயற வாசனை வந்துது. துணிதான் தீயுதுன்னு பாக்கறேன், துணிக்கு ஒண்ணும் ஆவல. என் கைதான். சுண்டுவிரல் ஓரமா பெட்டி மேலயே இருந்திருக்குது. எனக்குத் தெரியவே இல்ல டீச்சர். வலியே இல்ல.”

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர், வலிக்கவே இல்லை என்று கேட்டதும் கையை முழங்கை வரைக்கும் பார்த்தாராம். முழங்கைக்குக் கீழே வெளுத்த திட்டு ஒன்று இருந்தது. தேமல் என்று மணிமொழி விட்டிருந்தாள். கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் தொட்டு, எங்கே தொடுகிறேன் காட்டு என்றாராம்.

“நான் கண்ண மூடிக்கினு உக்காந்தே இருக்கறேன். எப்பத் தொடுவாருன்னு பாத்துக்கினு. அப்பறம் போதும் கண்ணத் தொறன்னாரு. நாலு தடவ தொட்டாராம் டீச்சர்.”

மணிமொழி குரலைத் தாழ்த்தி வியாதியின் பெயரைச் சொன்னாள். தொழுநோய். சொல்லிவிட்டு ஷட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மாத்திரை இருக்கிறது, இலவசமாகவே கொடுக்கிறார்கள், மாத்திரை ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் ஒட்டாது, முழுசாகக் குணமாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் நரம்பு கெட்டிருக்கிறது. மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்க ஆரம்பித்துவிட்டன. மரத்துப்போனது தெரிந்த உடனே வந்திருந்தால் இன்னும் நல்லது, ஒவ்வொரு வாரமும் கணக்குதான் என்றாராம்.

“வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“அவருக்கு மட்டும் சொன்னேன். மாமியாருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். ஊருக்குத் தெரிஞ்சா எவ துணி குடுப்பா? உங்ககிட்ட மட்டுந்தான் வெளிய சொல்றேன்.”

“என்கிட்ட ஏன் மணிமொழி?”

மணிமொழி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மதுமிதாவால் தாங்கியிருக்க முடியும்.

“நம்பிக்கை இல்லாம பண்றேன்னு சொன்னீங்களே. அது மனசுல குத்திக்கினே இருந்துது. நான் நம்பிக்கையாத்தான் பண்ணேன் டீச்சர். வீட்டுலயும் ஒக்காந்து தேய்ச்சித் தேய்ச்சிப் பாத்தேன். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போயி ஆத்தாகிட்ட அழுதேன், என் உள்ள இன்னா அழுக்கு இருக்குதுன்னு கேட்டு. இப்பத்தான தெரியுது, கை செத்துப்போய் இருந்துதுன்னு. நீங்க தப்பா நெனைக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்.”

மதுமிதா ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அது எந்த நிறம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. பஜாரில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் வணக்கம் டீச்சர் என்றார்கள். அவள் வேகமாக நடந்தாள்.

*

அன்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற சமண வழக்கப்படி சந்திரநாதன் இலையில் உட்கார்ந்தார். அவள் பரிமாறிவிட்டு, சாப்பிடாமல் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், மணிமொழியின் வியாதியை மட்டும் விட்டுவிட்டு. தனக்கு ஒருநாள்கூட எதுவும் தெரிந்ததில்லை என்று சொன்னாள்.

“இதுல இன்னா இருக்குது?” என்றார் அவர். “நாலு பேரு சொல்றத நீயும் சொன்ன. யாருக்கு இன்னா நஷ்டம்?”

அவள் இலையில் மறுபடி சோறு வைத்தாள். நஷ்டம் யாருக்கு என்று சொல்லத்தான் முடியாதே.

திங்கட்கிழமை பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு நடத்தினாள். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தியைப் பார்த்து, “புரிஞ்சுதா?” என்றாள். “புரிஞ்சுது மிஸ்.” முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, புரியவில்லை என்று. புரியலன்னா புரியலன்னு சொல்லு, அதுல ஒண்ணும் அவமானம் இல்ல என்று இருபது வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறாள். அன்று அந்த வார்த்தைகள் வெளியே வரவில்லை. போர்டுப் பக்கம் திரும்பி முதலிலிருந்து மறுபடி எழுதினாள்.

அந்த வாரம்தான் ராஜாராம் திரும்பி வந்தார். லிம் இறந்துவிட்டார். கடைசி நாலு நாள் பேச்சில்லை, கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன் என்று மட்டும் சொன்னார். தலை மழித்திருந்தார். வகுப்பு முடிந்து எல்லாரும் போகும்வரை மதுமிதா காத்திருந்தாள்.

“மாஸ்டர், எனக்குச் சீ தெரியாது.”

“இப்ப வரலியா?”

“எப்பவுமே வந்ததில்ல. அந்தக் காந்தம், பந்து எல்லாம் பொய். நானா சொன்னது.”

ராஜாராம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை. மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்தார்.

“எனக்கு எட்டு மாசம் ஒண்ணும் தெரியல டீச்சர். தினம் லிம் கேப்பாரு, இருக்குதான்னு. இல்லன்னுவேன். சரின்னு தலையாட்டிட்டு அடுத்த ஆளுகிட்ட போயிடுவாரு. ஒருநாள் நான் வெறுத்துப்போயி, இருக்குதுன்னு சொல்லிட்டா இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டேன். ‘அப்ப நான் உனக்குச் சொல்லித் தர முடியாது’ன்னாரு.” தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டார். “நீங்க இல்லன்னு சொல்லியிருந்தா நானும் சரின்னுதானே சொல்லியிருப்பேன்.”

அவர் திட்டவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். தன் ஆசானுக்குக் கடைசிக் காரியம் செய்துவிட்டு வந்த மனிதரிடம் இதைக் கொண்டுபோய் வைத்தோமே என்று அவளுக்குப் பட்டது.

*

மணிமொழியிடம் போக இன்னும் மூன்று நாள் ஆனது. இரண்டு முறை சந்துமுனைவரை போய்த் திரும்பினாள். மூன்றாம் முறை கடையில் வேறு யாரும் இல்லை.

மதுமிதா உண்மையைச் சொல்லி முடித்தபோது மணிமொழி முதலில் புரியாதவள் மாதிரி பார்த்தாள்.

“அப்ப உங்களுக்கும் ஒண்ணும் தெரியாதா?”

“தெரியாது.”

“நான் சொன்னப்ப?”

“அப்பவும் தெரியாது. நீ எல்லார் முன்னாடியும் இல்லன்னு சொன்னது எனக்குப் பயமா இருந்துது. நான் மாட்டிக்குவேனோன்னு. அதான் உன் வாய மூடினேன்.”

வலது கையிலிருந்த கத்திரிக்கோலை மணிமொழி மேஜைமேல் வைத்தாள். அவளுடைய பெரிய குரலுக்காக மதுமிதா காத்திருந்தாள். வந்தது சின்னக் குரல்.

“ஒரு கையில சூடு தெரியலன்னு சொன்னேனே டீச்சர். உங்களுக்குப் படிப்பு இருக்குது. டாக்டர்கிட்ட காட்டுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அன்னிக்கே ஓடியிருப்பேன். நீங்க சொன்னா கேப்பேன். அதனாலதான் நீங்க சொன்ன அழுக்கயும் நம்பினேன்.”

“என்னை மன்னிச்சுடுன்னு கேக்க வரல மணிமொழி.”

“பின்ன இன்னாத்துக்கு வந்தீங்க?”

வெளியே ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. மணிமொழி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னை அசிங்கப்படுத்துனது எல்லார் முன்னாடியும். இத மட்டும் ரகசியமா வந்து சொல்றீங்க. அங்க போயி சொல்லுங்க. ஆனா என் வியாதியப் பத்தி மூச்சு விடக்கூடாது. விட்டீங்கன்னா நான் இந்த ஊர்ல இருக்க முடியாது.”

மறுநாள் காலை, வட்டம் கூடியதும் மதுமிதா மாஸ்டரிடம் அனுமதி கேட்டுவிட்டு நடுவில் வந்து நின்றாள். தனக்குச் சீ தெரிந்ததே இல்லை, சொன்னதெல்லாம் ஃபோனில் படித்தது, மணிமொழி உள்ளதைச் சொன்னாள், அவளை நான் எல்லார் முன்னாலும் கேவலப்படுத்தினேன், தப்பு அவளிடம் இல்லை என்னிடம்தான் என்று சொன்னாள். தரையைப் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்து வந்திருந்தாள். ஆனாலும் பாதிக்கு மேல் தரையைத்தான் பார்த்தாள்.

செல்லப்பன், “அட, இதுக்கா டீச்சர் இப்பிடி நடுங்குறீங்க?” என்றார். “நான் கண்டக்டரா இருந்தப்ப சொன்ன பொய்ய எல்லாம் எண்ணினா இந்த மலைய விடப் பெரிசா இருக்கும். வந்து சொன்னீங்க பாருங்க, அது பெரிய மனசு.” இன்னொருவர் ஆமாம் என்றார். யாரோ கை தட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் அவள்மேல் கல் மாதிரி விழுந்தது. அவர்கள் மன்னித்தது ஒரு சின்னப் பொய்யை. அதன் அடியில் கிடந்ததை, அயர்ன் பெட்டிமேல் தீய்ந்த கையை, மடங்குகிற விரலை, அவர்களுக்குக் காட்ட அவளுக்கு உரிமை இல்லை. ‘நிறுத்துங்க, உங்களுக்குத் தெரியாது’ என்று கத்தத் தோன்றியது. கத்தினால் மணிமொழியின் வாழ்க்கை போகும். பெரிய மனசு என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

ரத்தினம்மாள் மட்டும் கை தட்டவில்லை. பூக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றாள்.

“அப்ப என் முட்டி மேல கைய வெச்சியேம்மா, அது?”

“அதுவும் ஒண்ணும் இல்லம்மா. சும்மா வெச்சேன்.”

“வலி போச்சே?”

ரத்தினம்மாள் குனிந்து தன் முட்டியைப் பார்த்தாள். பிறகு கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டாள். அவள் திரும்ப வகுப்புக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் மதுமிதா பூ வாங்கப் போனால் முழம் அளந்து கொடுப்பாள், பேச மாட்டாள்.

*

மதுமிதா வகுப்பை விடவில்லை. விட்டுவிட்டால் சுலபம் என்று தெரிந்ததால் விடவில்லை. வட்டத்துக்கு வெளியே, கொட்டகைத் தூணை ஒட்டி, எல்லாருக்கும் பின்னால் நின்றாள். ராஜாராம் கேட்கும்போது, “இல்ல மாஸ்டர்” என்றாள். அவர் சரியென்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். முதல் நாள் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு மாதம் கழித்துப் பழகிவிட்டது.

மணிமொழிக்கு மாத்திரை தொடர்ந்தது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போவாள். நான் கூட வரட்டுமா என்று மதுமிதா ஒருதரம் கேட்டாள். “வேணாம் டீச்சர். உங்ககூடப் போனா எதுக்குன்னு நாலு பேரு கேப்பாங்க” என்றாள். அது ஒரு காரணம்தான், முழுக் காரணம் இல்லை என்று இருவருக்கும் தெரியும். புண் ஆறியது. கைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதால், ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் காலை மணிமொழி கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் வட்டத்தில் மாஸ்டருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

எட்டு அசைவுகளும் முடிந்தன. கைகளைத் தேய்த்துக் கண்ணை மூடினார்கள். ராஜாராம் மணிமொழியிடமிருந்து ஆரம்பித்தார்.

“தெரியுதாம்மா?”

“வலது கையில சூடு. இடது கையில மோதிர விரல் வரைக்கும் லேசா இருக்குது மாஸ்டர். போன மாசம் அதுகூட இல்ல. சுண்டுவிரல்ல இல்ல.” பழைய பெரிய குரல். “அது இனிமே வராதுன்னு நெனைக்கறேன்.”

“சரி” என்றார் ராஜாராம்.

பின்னால் மதுமிதா கண்ணை மூடி நின்றிருந்தாள். உள்ளங்கைகளுக்கு நடுவே ஏதோ இருப்பது போலிருந்தது. மிக லேசாக, வெதுவெதுப்பாக. கையைக் கொஞ்சம் விலக்கினாள், நெருக்கினாள். இருக்கிறதா? மணிமொழி சொன்னதைக் கேட்டுத் தானும் சொல்ல ஆசைப்படுகிறாளா? ஆனி மாத வெயில்தானா? எத்தனை நேரம் தேடியும் அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு காலத்தில் முடிந்திருக்கும். இல்லாததை இருக்கிறது என்று இத்தனை மாதம் சொல்லி, தன் கை சொல்வதைத் தானே நம்ப முடியாத இடத்துக்கு வந்திருந்தாள்.

ரப்பர் செருப்புச் சத்தம் அவள் முன்னால் நின்றது.

“டீச்சர்?”

வட்டத்தில் மணிமொழியும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

“தெரியல மாஸ்டர்” என்றாள் மதுமிதா.

அவர் சரியென்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.